மரியதாஸ் கடைக்கு நான் எழுதிய அறிக்கை

போன மாதம் இரண்டு பேர் ஆர்.கே.பேட்டைக்கு என்னைத் தேடி வந்தார்கள். நான் வேலை பார்த்த ரேடியோ கம்பெனியில் இப்போது சர்வீஸ் இன்ஸ்பெக்டராக இருப்பவர்கள். இருவரும் என்னிடம் வேலை கற்றவர்கள். கம்பெனி இப்போது டெலிவிஷன் பெட்டியும் செய்கிறது. திருவள்ளூர் வட்டாரம் முழுவதற்கும் அதை விற்கும் உரிமையை ஒரே கடைக்குக் கொடுக்கப் போகிறார்களாம். அதைப் பற்றி ரயிலிலேயே இருவருக்கும் வாக்குவாதம் வந்திருக்கிறது. பெரிய கடை என்றால் சரக்கு இருக்கும், மெக்கானிக் இருப்பான், ஜனங்களுக்கு அதுதானே வசதி என்றார் ஒருவர். ஒரே கடை என்று ஆகிவிட்டால் அவன் வைத்ததுதான் விலை, இதற்குத்தானே சட்டம் போட்டிருக்கிறார்கள் என்றார் மற்றவர். நான்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்றார்கள்.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று சொல்லிக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. ஏழு வருஷமாக இருக்கிறது.

என் படிப்பையும் பயிற்சியையும் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்தேன். சென்னையில் மாலை வகுப்பில் ரேடியோ படித்தேன். பிராட்வேயில் ஒரு ரிப்பேர் கடையில் வால்வுகளைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஆறு வருஷம் இருந்தேன். பிறகு கம்பெனியில் சேர்ந்தேன். நாற்பது வயதில் இன்ஸ்பெக்டர் ஆனேன். சென்னைக்கு வடக்கேயும் மேற்கேயும் உள்ள கடைகளெல்லாம் என் பொறுப்பு.

அந்த நாளில் ரேடியோவை யார் வேண்டுமானாலும் வாங்கி வைத்து விற்றுவிட முடியாது. கம்பெனி யாரை டீலர் என்று ஏற்கிறதோ அவருக்குத்தான் சரக்கு. அதுவும் கேட்ட அளவு கிடைக்காது. தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பே ஜனங்கள் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருப்பார்கள். டீலர் என்றால் விற்றால் மட்டும் போதாது, பழுதும் பார்க்க வேண்டும். அதற்கு வசதி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. ஒரு நீளமான படிவம். மேஜை எப்படி, வெளிச்சம் எப்படி, மீட்டர் இருக்கிறதா, ரேடியோவை ஸ்டேஷன்களுக்குச் சரியாகச் சேர்த்து வைக்கும் ஆசிலேட்டர் இருக்கிறதா, மெக்கானிக்குக் கைப்பழக்கம் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். கடைசி வரியில் ஒரே ஒரு சொல் எழுத வேண்டும். திருப்தி, அல்லது திருப்தியில்லை. அந்தச் சொல்லை வைத்துத்தான் அடுத்த வருஷம் அந்தக் கடைக்குச் சரக்கு.

திருவள்ளூர் பஜாரில் ராஜமாணிக்கம் என்பவரின் கடை எங்களுக்குப் பெரிய கடை. சைக்கிள் கடையாக ஆரம்பித்து உழைப்பால் வளர்ந்தவர் அவர். அதை மறைக்கக் கூடாது. தபாலாபீசில் ரேடியோ லைசென்ஸ் எடுப்பது முதல் மாடியில் ஏரியல் கட்டுவது வரை அவர் ஆட்களே செய்து கொடுப்பார்கள். தவணைக்கும் கொடுப்பார். விவசாயிகள் அவரை நம்பினார்கள். ஆனால் ஒவ்வொரு வருஷமும் அவர் எங்கள் கம்பெனியிடம் கேட்பது கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. முதலில் அதிகச் சரக்கு கேட்டார். பிறகு, ஓடுகிற மாடல்கள் தனக்கு மட்டும் வேண்டும் என்றார். பிறகு, மற்றக் கடையில் வாங்கிய பெட்டிகளுக்கு அவர் கடையில் வால்வு கிடைக்காது என்று ஆயிற்று. ரேடியோ வாங்கினால் உறையும் ஏரியலும் சேர்த்து வாங்கியே தீர வேண்டும் என்று ஆயிற்று. சுற்று வட்டாரத்தில் நான் போய்க்கொண்டிருந்த ஐந்து கடைகள் மூன்றாயின.

அவர் கடையில் கம்பெனி கொடுத்த ஆசிலேட்டர் ஒன்று இருந்தது. அலமாரியின் மேல் தட்டில், கட்டிய சணல் கயிறு அவிழாமல், பெட்டியிலேயே இருந்தது. மெக்கானிக்குகள் காதால் கேட்டுத் திருகுவார்கள். சரிவராவிட்டால் பாகத்தை மாற்றி விலையைப் போடுவார்கள். நான் ஒவ்வொரு வருஷமும் அந்தக் கயிற்றைப் பார்த்தேன். ஒவ்வொரு வருஷமும் 'ஆசிலேட்டர் உண்டு, திருப்தி' என்று எழுதினேன்.

கும்மிடிப்பூண்டியில் ரயில்வே கேட்டுக்கு எதிரே ஓட்டுக் கட்டடத்தில் மரியதாஸ் எங்கள் கம்பெனி டீலராகக் கடை வைத்தார். பக்கத்துக் கிராமத்துக்காரர். அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். அவர் பட்டாளத்தில் சேர்ந்து, சிக்னல் பிரிவில் பதினைந்து வருஷம் வயர்லெஸ் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தார். மனைவி ரோசம்மா கடையில் உட்கார்ந்து, யார் எந்தப் பெட்டியைக் கொடுத்தார்கள், என்ன பழுது என்று தமிழில் குறித்து வைப்பார். அந்தச் சமயத்தில்தான் அங்கே தொழிற்பேட்டை வரத் தொடங்கியிருந்தது. வயல் வேலையை விட்டு ஃபேக்டரிக்குப் போனவர்களுக்கு முதல் சம்பளத்தில் டிரான்சிஸ்டர் வாங்குவது பெரிய ஆசை. பழவேற்காட்டிலிருந்து மீன் பிடிக்கிறவர்களும் வருவார்கள். புயல் எச்சரிக்கை கேட்க அவர்களுக்கு ரேடியோ வேண்டும்.

மரியதாஸ் பட்டியல் விலையைவிடப் பத்து ரூபாய் குறைத்து விற்றார். தனக்கு வரும் கமிஷனில் அதைக் குறைத்துக்கொண்டார். உறை வேண்டுமா என்று கேட்பார், வேண்டாம் என்றால் விட்டுவிடுவார். எந்தக் கடையில் வாங்கிய பெட்டியானாலும் பழுது பார்த்தார். திருவள்ளூரிலிருந்தும் ஆட்கள் பஸ் ஏறி அவரிடம் வரத் தொடங்கினார்கள்.

நான் முதல் தடவை அங்கே போன காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பாசஞ்சர் வண்டியில் போய் இறங்கினேன். டீயா கலரா என்று கேட்டார். மேஜையில் பழவேற்காட்டுப் பெட்டி ஒன்று திறந்து கிடந்தது.

"உப்புக் காத்துல ஈயம் வெச்ச எடமெல்லாம் பச்சை பூத்துப் போவுது சார். அதனால ரிப்பேர் முடிஞ்சதும் எல்லாத்துக்கும் வார்னிஷ் ஒரு கை பூசிடறேன். ரெண்டு வருஷம் தாங்குது" என்றார். எங்கள் கம்பெனி இன்ஜினியர்கள் யாருக்கும் தோன்றாத யோசனை அது.

அவருடைய ஆசிலேட்டரை அவரே செய்திருந்தார். மூர் மார்க்கெட்டில் வாங்கிய பட்டாளத்துப் பழைய சாமான்களை வைத்து, அலுமினியப் பெட்டியில் அடக்கி, முகப்பில் மசியால் கோடு போட்டு எண் எழுதியிருந்தார். நான் கொண்டுபோயிருந்த கம்பெனிக் கருவியைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு அலைவரிசையாக ஒப்பிட்டேன். ஒரே ஒரு இடத்தில் இரண்டும் ஒத்துவரவில்லை. நான் அதைக் குறிக்கப் போனேன். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சார், உங்க மிஷின்லதான் கொஞ்சம் வெலகுதுன்னு நெனைக்கிறேன். வேணும்னா மெட்ராஸ் ஸ்டேஷன வெச்சிப் பாருங்க." பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. இருவரும் சிரித்தோம். சென்னைக்குத் திரும்பி 'திருப்தி' என்று எழுதினேன். அதற்குக் கீழே யாரும் கேட்காமலே இரண்டு வரி பாராட்டும் எழுதினேன். என் உத்தியோகத்தில் நான் மனசாரப் பாராட்டி எழுதிய அறிக்கை அது ஒன்றுதான்.

என் மேலதிகாரி நாராயணன். மவுண்ட் ரோடு ஆபீசில் அவர் மேஜை எப்போதும் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். ஒரு பேனா, சிவப்பும் நீலமுமான ஒரு பென்சில், வேறொன்றும் இருக்காது. குரலை உயர்த்தி அவர் பேசி நான் கேட்டதில்லை. எதையும் செய் என்று எழுதிக் கொடுத்ததும் இல்லை. ஓர் அறிக்கை பிடிக்கவில்லை என்றால், பிடிக்காத சொல்லுக்குப் பக்கத்தில் நீலப் பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி வைத்துத் திருப்பி அனுப்புவார். என்ன தவறு என்று சொல்ல மாட்டார். நாம் கண்டுபிடிக்க வேண்டும்.

மரியதாஸ் அறிக்கை 'திருப்தி'க்குப் பக்கத்தில் புள்ளியோடு வந்தது. பாராட்டு வரிகள் நீண்டுவிட்டன போலிருக்கிறது என்று அவற்றை எடுத்துவிட்டு மறுபடி அனுப்பினேன். மறுபடியும் புள்ளி.

அந்த வாரம் திருவள்ளூர் போனபோது ராஜமாணிக்கம் என்னைக் கடைக்கு உள்ளே அழைத்துப் போனார். அவர் கோபமாகப் பேசவில்லை. "நான் அந்த ஆளுக்கு விரோதி இல்ல இன்ஸ்பெக்டர் சார். ஆனா தீபாவளிக்கு நான் எடுக்கற சரக்க அவரு எடுப்பாரா? பட்டியல் வெலய ஒருத்தர் ஒடச்சா எங்கிட்ட வாங்கனவன் எல்லாம் எம் மூஞ்சியப் பாக்கறான். ஒண்ணு அவரு கடைல கம்பெனி போர்டு இருக்கணும், இல்ல எங்கடைல. நாராயணன் சார்கிட்ட சொல்லிட்டேன். மிச்சம் ஒங்க கைலதான்" என்றார்.

விலையைக் குறைத்தார் என்பதற்காக ஒரு டீலரைக் கம்பெனி நிறுத்த முடியாது. ஏகபோகத்தைக் கட்டுப்படுத்த டில்லியில் அப்போதுதான் சட்டம் வந்திருந்தது. எங்கள் விலைப்பட்டியலின் அடியிலேயே, இதைவிடக் குறைந்த விலைக்கும் விற்கலாம் என்று பொடி எழுத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். ஆகவே வேறு காரணம் வேண்டியிருந்தது. அந்தக் காரணம் என் படிவத்திலிருந்து வர வேண்டும்.

நான் நாராயணனைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "உங்க கண்ணுக்கு என்ன படறதோ அதை எழுதுங்கோ, மிஸ்டர் பக்தவச்சலம். இன்னொரு தடவை போய்ப் பார்த்துட்டு வாங்களேன்" என்றார். எங்களில் ஒருவரைச் சூப்பிரண்டென்ட் ஆக்கப் போவதாக ஆபீசில் அப்போது பேச்சிருந்தது. அதை அவர் குறிப்பிடவில்லை. குறிப்பிட வேண்டிய அவசியமும் இல்லை. எனக்கு வீட்டில் கஷ்டம் எதுவும் கிடையாது. யாரும் என்னை மிரட்டவில்லை. அந்த நாற்காலி எனக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இரண்டாம் தடவை போனபோது மரியதாஸ் எதையும் சந்தேகிக்கவில்லை. வழக்கமான சோதனை என்று நினைத்தார். நான் எதையும் சோதிக்கவில்லை. பகல் நேரமாகிவிட்டது, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார் ரோசம்மா. கடைக்குப் பின்னால் இருந்த வீட்டில் நண்டுக் குழம்பு போட்டார். நான் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். சாயங்கால வண்டியில் திரும்பி வரும்போதே படிவத்தை மடியில் வைத்து எழுதினேன். 'கம்பெனி அங்கீகரித்த ஆசிலேட்டர் இல்லை. திருப்தியில்லை.'

முதல் வாக்கியத்தில் பொய் இல்லை. அதனால்தான் எழுத முடிந்தது.

இந்த முறை புள்ளி இல்லை. நாராயணன் கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடி வைத்துவிட்டு, என் மகள் என்ன படிக்கிறாள் என்று முதன்முதலாக விசாரித்தார்.

மரியதாஸுக்குச் சரக்கு நின்றது. போர்டையும் கழற்றிக்கொண்டு வந்தார்கள். அவர் சும்மா இருக்கவில்லை. புதுச் சட்டத்தைப் பற்றிப் பத்திரிகையில் படித்து, யாரையோ பிடித்து மனு எழுதி டில்லிக்கு அனுப்பினார். மனு போய்ச் சேர்ந்தது என்பதே எங்களுக்கு ஆச்சரியம். சில மாதம் கழித்து விசாரணை அதிகாரி ஒருவர் சென்னைக்கு வந்தார். சர்க்கார் கட்டடம் ஒன்றில், மின்விசிறி சத்தம் போடும் அறையில் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். மரியதாஸ் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தார். கம்பெனி சார்பில் ஒரு வக்கீல் இருந்தார்.

அந்த அதிகாரி களைத்துப்போன மனிதராகத் தெரிந்தார். ஆனால் அவர் கேட்க வேண்டியதையே கேட்டார். இந்தக் கடையைப் பற்றித் திருவள்ளூர் கடைக்காரர் என்னிடம் எப்போதாவது பேசினாரா என்றார். இல்லை என்றேன். இதற்கு முன் வேறு மாதிரி அறிக்கை எழுதினேனா என்றார். இல்லை என்றேன். பழைய அறிக்கைகள் இரண்டும் ஃபைலில் இல்லை என்று எனக்குத் தெரியும். மற்றக் கடைகளில் அங்கீகரித்த கருவியை வைத்துத்தான் வேலை செய்கிறார்களா என்றார். ஆமாம் என்றேன். சொல்லும்போது அந்தச் சணல் கயிறு என் கண் முன்னால் நின்றது.

சாட்சியிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்று மரியதாஸைப் பார்த்துக் கேட்டார் அதிகாரி. மரியதாஸ் எழுந்து நின்றார். பட்டாளத்துக்காரர் நிற்கிற மாதிரியே நின்றார்.

"நான் செஞ்ச மிஷின் சரியா இருந்துதா இல்லையா? அத்த மட்டும் சொல்லுங்க சார்."

வக்கீல் எனக்கு முன்பே சொல்லிக் கொடுத்திருந்தார். "கம்பெனி அங்கீகாரம் இல்லாத கருவியைப் பற்றி நான் கருத்துச் சொல்ல முடியாது" என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எனக்கு உடம்பு சரியில்லையோ என்று பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு வேறொன்றும் கேட்பதற்கில்லை என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். மனு தள்ளுபடியாயிற்று. தரக்குறைவு காரணமாக நிறுத்தியதால் இது வியாபாரத் தடை ஆகாது என்று முடிவு.

நான் சூப்பிரண்டென்ட் ஆனேன்.

ஒரு வருஷத்துக்குள் ராஜமாணிக்கம் கும்மிடிப்பூண்டியில் கிளை திறந்தார். பட்டியல் விலைதான். உறையும் ஏரியலும் கட்டாயம். பழவேற்காட்டுப் பெட்டிகளைத் திருவள்ளூருக்கு அனுப்பித்தான் பழுது பார்க்க வேண்டும், திரும்பி வர ஒரு மாதம். அந்த ஒரு மாதம் மீன் பிடிக்கிறவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு கடலுக்குப் போனார்கள். அதோடு நிற்கவில்லை. மிச்சக் கடைகளும் மூடி, வட்டாரத்தில் வேறு கடை இல்லை என்று ஆனதும் ராஜமாணிக்கம் கம்பெனியையே நெருக்கினார். கமிஷனை உயர்த்தச் சொன்னார், ஓடாத மாடல்களை எடுக்க மாட்டேன் என்றார். அவரைச் சமாதானம் செய்ய நாராயணனே திருவள்ளூர் வந்தார். நானும் கூட இருந்தேன். முதலாளி சாப்பிடப் போயிருக்கிறார் என்று எங்கள் இருவரையும் கடை வாசலில் ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். நாராயணன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

பெரிய கடையால் கெடுதல் உண்டா என்று போன மாதம் வந்து கேட்ட பிள்ளைகளுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான். கடை பெரிதாக இருப்பது தவறில்லை. பக்கத்தில் இன்னொரு கடை இருக்கிற வரை ராஜமாணிக்கமும் நல்ல வியாபாரிதான். அந்த இன்னொரு கடையை இல்லாமல் செய்தவன் நான். சட்டம் வேண்டுமா என்றால், வேண்டும். சட்டம் இருந்தது, டில்லியிலிருந்து ரயிலேறி வந்து கேட்கவும் கேட்டது. அது என்னைத்தான் கேட்டது.

மரியதாஸ் கடையைக் காலி செய்து, தொழிற்பேட்டையில் ஒரு ஃபேக்டரியில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டேன். வால்வு கிடைக்காமல் வீட்டில் வைத்து ரிப்பேர் செய்யவும் முடியவில்லை. நான் ரிட்டயர் ஆக மூன்று வருஷம் இருக்கும்போது கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். காக்கி உடுப்பில் ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒதுங்கிப் போயிருக்கலாம். என்ன தோன்றியதோ, கிட்டே போய், அன்றைக்கு நான் சொன்னது பொய் என்றேன். முதல் அறிக்கை, புள்ளி, ராஜமாணிக்கம் பேசியது எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே சொன்னேன்.

அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, "இத்த அப்படியே எழுதி கையெழுத்து போட்டுக் குடுப்பீங்களா சார்? திருப்பி மனு போடலாம்னு எனக்கு மனு எழுதிக் குடுத்த வக்கீலு சொல்லிக்கினு இருந்தாரு" என்றார்.

நான் அதை எதிர்பார்க்கவில்லை. மன்னிப்பார், அல்லது திட்டுவார் என்றுதான் நினைத்திருந்தேன். இன்னும் மூன்று வருஷம் சர்வீஸ் இருக்கிறது, ரிட்டயர் ஆனதும் கண்டிப்பாக எழுதித் தருகிறேன் என்றேன். சொல்லும்போதே எனக்கு அசிங்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

"சரி சார். ஊத்துக்கோட்டை வண்டி கெளம்புது, ஏறிக்கோங்க" என்றார்.

ரிட்டயர் ஆனேன். ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு, சட்டப்படி செல்லும் விதத்தில் இங்கிலீஷில் டைப் அடித்து, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டு எடுத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டி போனேன். ரோசம்மாதான் கதவைத் திறந்தார். மரியதாஸ் நெஞ்சு வலியில் போய் நாலு மாதம் ஆகியிருந்தது. எனக்கு யாரும் சொல்லவில்லை. யார் சொல்வார்கள்?

காகிதத்தை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடமே நீட்டினார்.

"எனக்கு இங்கிலீஷ் வராது சார். இன்னா எழுதினீங்களோ அத்த தமிழ்ல எழுதினு வாங்க. நான் படிக்கிறேன்."

நான் வாயால் சொல்லிவிடுகிறேனே என்றேன். வேண்டாம் என்றார். வாயால் சொன்னதெல்லாம் கேட்டாயிற்று என்றார்.

அது நடந்து எட்டு மாதம் ஆகிறது. உட்கார்ந்தால் ஒரு வரிக்கு மேல் ஓடவில்லை. அந்தப் பிள்ளைகள் வந்துபோன பிறகுதான் எழுத முடிந்தது. இதை முதலில் படிக்க வேண்டியவர் ரோசம்மா. அவர் படித்த பிறகு யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். நாளைக் காலை முதல் பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். உள்ளே வரச் சொல்வாரா என்று தெரியாது. படித்து முடிக்கும் வரை வாசலில் நிற்பேன்.